அர்ஜுனன் ஒட்டிவிட்ட பொய்

எங்கள் ஊரில் புது வண்டி எடுக்கிறவன் முதலில் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போடுவான், எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவான், பிறகு நேரே அர்ஜுனனிடம் வந்து நிற்பான். வேலூர் ரோட்டில், வேங்கிக்காலுக்குப் போகிற வழியில், லாரி ஷெட்டுகளுக்கு எதிரே அவன் கடை. 'அர்ஜுன் ரேடியம்' என்று போர்டு. ரேடியம் என்றால் வேறொன்றும் இல்லை, வண்டியில் எழுத்து வெட்டி ஒட்டுகிற கலர் ஸ்டிக்கர்தான். எங்கள் பக்கம் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அவனுக்கு அடுத்த கடை என்னுடையது. 'அறிவுமதி எஸ்.டி.டி. பூத்'. அறிவுமதி என் மகள். பொம்பளைப் பிள்ளை பெயரை ரோட்டில் எழுதி வைக்காதே என்று என் மாமனார் சொன்னார். அவர் சொன்னதற்காகவே வைத்தேன். அர்ஜுனன்தான் வெட்டிக் கொடுத்தான். நான் கொஞ்சம் முன்கோபக்காரன், வாயும் ஜாஸ்தி. அர்ஜுனன் அதற்கு நேர் எதிர். வாயே திறக்க மாட்டான். அதனால்தான் பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் சண்டை இல்லாமல் உட்கார முடிந்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எண்பத்தொன்பதில் இங்கே வந்தவன். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவனுக்கு மண் ஒத்துவரவில்லை, எழுத்து ஒத்துவந்தது. தரையில் கண்ணாடியைப் போட்டு, அதன் மேல் ஷீட்டை விரித்து, பாதியாக உடைத்த பிளேடுக்கு சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குந்துவான். ஷீட்டின் மேல்தாள் அறுபட வேண்டும், அடியில் இருக்கும் மெழுகுத்தாளில் கீறல்கூட விழக்கூடாது. அவன் கை அந்த அளவு தெரிந்த கை. வெட்டி முடித்துத் தேவையில்லாததை உரித்து எடுப்பான், வண்டிக் கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளிப்பான், எழுத்தைப் படியவைத்துத் துணியால் தேய்ப்பான். அவ்வளவுதான் அவன் தொழில்.

என்ன எழுதுவார்கள்? அண்ணாமலையார் துணை என்று எழுதுவார்கள். அதற்குக் கீழே பிள்ளைகள் பெயர். வேன் வாங்க வக்கு இருக்கிற எவனுக்கும் பின் கண்ணாடியில் தன் பிள்ளைகள் பெயரைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஒருத்தனுக்கு ஐந்து பெண்கள். பின் கண்ணாடி நிறைந்துபோய், பின்னால் வருகிற வண்டியே தெரியவில்லை என்று டிரைவர் வந்து அழுதான். ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் புல்லட்டின் டேங்க்கில் தமிழில் அருணாசலம் என்று எழுதச் சொல்லி, எழுதி முடிக்கும்வரை எதிரே சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அர்ஜுனன் அதற்கும் சிரிக்கவில்லை.

எந்த வேலை செய்தாலும் மூலையில் சின்னதாகக் கடைப் பெயரையும் போன் நம்பரையும் ஒட்டிவிடுவது ரேடியம் கடைக்காரர்களின் வழக்கம். அதுதான் அவர்களுக்கு விளம்பரம். அர்ஜுனனுக்கு சொந்தப் போன் இல்லை. தொண்ணூற்றிரண்டில் நான் பூத் திறந்ததும் என் நம்பரைக் கொடுத்தேன். 'அர்ஜுன் ரேடியம், பி.பி. நம்பர்' என்று போட்டுக்கொண்டான். பி.பி. என்றால் பக்கத்துக்காரர் போன். அவனுக்குப் போன் வந்தால் நான் சுவரை இரண்டு தட்டு தட்டுவேன், அவன் வருவான்.

அவன் வீட்டில் மனைவி பச்சையம்மாள், மகன் இளஞ்செழியன். ஒரே பிள்ளை. பச்சையம்மாள் வாட்டசாட்டமான பெண். தினமும் மதியம் தலையில் சாப்பாட்டுக் கூடையும் கையில் தண்ணீர்க் குடமுமாக வெயிலில் நடந்து வருவாள். ஒரு நாள் தும்மிக்கூட நான் பார்த்ததில்லை. மகன் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வருவான். அப்பாவுக்கு இல்லாத வாய் முழுக்க அவனிடம் இருந்தது. "பெரியப்பா, உங்க போர்டுல அறிவுமதிக்கு ஒரு கம்மல் மாட்டி வுடட்டுமா?" என்று கேட்பான். எனக்கு அவனைப் பிடிக்கும். என்னிடமே வாய் கொடுக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

தொண்ணூற்றொன்பது பொங்கலுக்கு அவன் பன்னிரண்டாம் வகுப்பு. கீழ்பென்னாத்தூரில் காணும் பொங்கலன்று கபடி. அவன் டீமில் ஏழு பேருக்கும் புதுச் சட்டை, நீலக் கலர். சட்டையின் முதுகில் பெயரும் நம்பரும் இருந்தால் எப்படி இருக்கும் என்று பையனுக்குத் தோன்றியிருக்கிறது. கடையில் அப்போது ஒரு வெள்ளி ஷீட் இருந்தது. விளக்கு பட்டால் மின்னுகிற ரகம். ஒரு பஸ் முதலாளி தன் புது பஸ்ஸுக்காகவே மெட்ராஸிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. காணும் பொங்கலுக்கு மறுநாள் பஸ் வேலை. பையன் அப்பா இல்லாத நேரம் பார்த்து அந்த ஷீட்டை முழுசாக வெட்டி ஏழு சட்டையிலும் ஒட்டிவிட்டான்.

வெட்டியது அழகாகத்தான் வெட்டியிருந்தான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் செய்த ரேடியம் துணியில் நிற்குமா? அதிலும் வியர்வை. முதல் ஆட்டத்திலேயே எதிர் டீம்காரன் ஒருத்தன் இளஞ்செழியனை அமுக்கிப் பிடித்தான், எழுந்தபோது அவன் நெஞ்சில் 'ழி' ஒட்டியிருந்தது. இன்னொருத்தன் உள்ளங்கையில் ஏழாம் நம்பர். மைக்கில் பேசுகிறவன் விடுவானா? "நீல அணியின் எழுத்துகளைக் கண்டெடுப்பவர்கள் மேடையில் ஒப்படைக்கவும்" என்று ஆரம்பித்துவிட்டான். ஊரே சிரித்தது. அர்ஜுனனும் அங்கேதான் நின்றிருந்தான். சொந்த ஊர்ப் பக்கத்து ஆட்டம் என்று பார்க்கப் போயிருந்தான். மகன் முதுகில் மின்னுவது எந்த ஷீட் என்று அவனுக்குத் தெரியாதா?

நேராக மைதானத்துக்குள் போனான். அத்தனை பேர் முன்னால் மகனை அறைந்தான். ஒன்றல்ல, நாலைந்து. "பிளேடு புடிக்கிற கையாடா இது? இனிமே கடைப் பக்கம் வந்த, காலை ஒடச்சிருவேன். என் மூஞ்சியிலேயே முழிக்காத" என்றான். மாதக்கணக்கில் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் பேசிவிட்டான் போலிருக்கிறது. மைக்கில் பேசியவன்கூட வாயை மூடிக்கொண்டான். இதை எனக்குச் சொன்னவன் அந்த டீமில் இருந்த சுரேஷ்குமார், அர்ஜுனனின் அண்ணன் மகன்.

இளஞ்செழியன் மைதானத்தை விட்டு வெளியே போய், ரோட்டில் நின்ற லாரி ஒன்றில் ஏறிவிட்டான். எந்த லாரி, எங்கே போகிறது, யாரும் பார்க்கவில்லை. அத்தை வீட்டுக்குப் போயிருப்பான் என்று இரண்டு நாள் சும்மா இருந்தார்கள். பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். பஸ் முதலாளிக்கு அர்ஜுனன் வேறு ஷீட் வாங்கி, சொன்ன நாளில் எழுத்தை ஒட்டிக் கொடுத்தான். மகன் இருக்கும் இடம்தான் யாருக்கும் தெரியவில்லை.

மாசி மாதம் ஒரு காலை அர்ஜுனன் என் பூத்துக்கு வந்து, பேப்பரில் வருகிற 'காணவில்லை' விளம்பரங்களை எடுத்துப் படிக்கச் சொன்னான். நான் படித்தேன். அம்மா சாப்பிடவில்லை. அம்மா படுத்த படுக்கை. உன்னை யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். எல்லாவற்றிலும் அம்மாவுக்குத்தான் உடம்பு சரியில்லை. ஒன்றில்கூட அப்பா படுக்கவில்லை.

அன்று மதியம் ஒரு கடலைக்காய் லாரிக்கு வேலை செய்தான். முடித்ததும் பின்பக்கத் தகரத்தின் இடது மூலையில், வழக்கமாகக் கடைப் பெயர் ஒட்டுகிற இடத்தில், வேறொன்றை ஒட்டினான். 'இளஞ்செழியா, அம்மா படுக்கையில். உடனே வா.' கீழே என் நம்பர். மஞ்சள் எழுத்து, ஒரு சாண் நீளம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாடா இது? குத்துக்கல்லாட்டம் நிக்கிறவள போய்ப் படுக்க வெச்சிருக்கியே?" என்றேன்.

"அப்பா கூப்புடறேன்னு எழுதினா வருவானாணா?" என்று கேட்டான்.

பச்சையம்மாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மறுநாள் ஒரு வேனில் அதைப் படித்துவிட்டுக் கூடையை இறக்கி வைத்தாள். "யோவ், நீ அடிச்சதுக்கு அவன் போனான். நான் எதுக்குய்யா சாவணும்?" என்று கத்தினாள். அர்ஜுனன் தலை நிமிரவில்லை. அவளே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்தா செரி. படுத்துக்கினே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

அதன் பிறகு அவன் கையால் எழுத்து ஒட்டி வெளியே போன ஒவ்வொரு வண்டியிலும் அந்த மூலை இருந்தது. பாவம் ஒரு அப்பன் என்று யாரும் மறுக்கவில்லை. வருஷா வருஷம் எப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு விடும்போது லாரிக்கு மொத்தமாகப் பெயின்ட் அடிப்பார்கள் அல்லவா, அப்போது அந்த மூலையை மட்டும் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு அடித்தார்கள் எங்கள் ஊர்ப் பெயின்டர்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அவர்களாகவே செய்தார்கள்.

டிரைவர்கள் பச்சையம்மாளைப் படுத்திய பாடு தனிக்கதை. செங்கத்துக்காரர் ஒருத்தர் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து, குடம் தூக்கிக்கொண்டு வந்த பச்சையம்மாளிடமே, "ஏம்மா, இந்த ரேடியக்காரர் வூட்டம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவள் குடத்தை இறக்காமலே, "இன்னும் இழுத்துக்கினுதான் இருக்குங்க" என்றாள். நான் பூத்துக்குள் போய்ச் சிரித்தேன்.

போன்கள் வந்தன. ஹோஸ்பேட்டில் ஒரு ஓட்டலில் தமிழ்ப் பையன் தட்டு கழுவுகிறான் என்று ஒருத்தர். நெல்லூரில் ஒரு டீக்கடையில் பார்த்தேன் என்று இன்னொருத்தர். நான் சுவரைத் தட்டுவேன். அர்ஜுனன் பிளேடைப் போட்டுவிட்டு ஓடி வருவான். உடனே பஸ் ஏறிவிடுவான். ஹோஸ்பேட்டில் இருந்தவன் ராமநாதபுரத்துக்காரன். நெல்லூரில் இருந்தது போளூர்ப் பக்கத்துப் பையன். அவனும் வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவன்தான். அர்ஜுனன் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, அவன் அப்பா அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான். அந்தத் தாய் இவன் காலில் விழுந்து அழுதாளாம். திரும்பி வந்து கடையில் உட்கார்ந்தவன் அன்று முழுக்க ஒரு வேனுக்குப் பிள்ளைகள் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். நான் டீ வாங்கி வைத்தேன். அது ஆடை கட்டிக் கிடந்தது.

மூன்று நாலு வருஷம் இப்படிப் போனது. அப்புறம்தான் டெலிபோன்காரர்கள் தலையில் கல்லைப் போட்டார்கள். எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு ரெண்டு சேர்க்கப்படும் என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் அதுவரை ஐந்து இலக்கம், இனி ஆறு. பழைய நம்பரைப் போட்டால் கொஞ்ச நாளைக்கு ஒரு பெண் குரல், நம்பர் மாறிவிட்டது என்று சொல்லும். அதற்கப்புறம் அதுவும் சொல்லாது, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றுதான் வரும். எனக்குப் புது போர்டு எழுத வேண்டுமே என்பதுதான் முதலில் தோன்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு எத்தனை வண்டி பழைய நம்பரோடு போய்விட்டது என்று பிறகுதான் உறைத்தது.

அர்ஜுனன் அன்று என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பழசைப் போட்டாலும் வர்ற மாதிரி செய்ய முடியாதாணா?" முடியாது என்றேன். என்னோடு சேர்ந்து டெலிபோன் ஆபீஸுக்கும் வந்து கேட்டுப் பார்த்தான். நாடு முழுக்க இப்படித்தானப்பா என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு இரண்டு வேலை. காலையில் கடை வேலை. மதியத்துக்கு மேல் ஒரு பையில் மஞ்சள் ரெண்டுகளை வெட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். லாரி ஷெட், மண்டி, அரிசி ஆலை, சந்தை, பௌர்ணமிக்கு வந்து நிற்கிற வேன்கள். தன் எழுத்துள்ள வண்டியைக் கண்டால் நம்பருக்கு முன்னால் ஒரு ரெண்டை ஒட்டுவான். உள்ளூர் வண்டிகளை எல்லாம் பிடித்துவிட்டான். விற்றுப்போன வண்டிகளை என்ன செய்வான்? லாரி கை மாறிக்கொண்டே இருக்கும். ஆந்திராக்காரன் வாங்குவான், அவனிடமிருந்து மராட்டியன் வாங்குவான். அந்த வண்டிகள் திரும்ப இந்தப் பக்கம் வந்தால்தான் உண்டு.

"அந்த வண்டியத்தான் அவன் பார்த்தான்னா?" என்று ஒருநாள் கேட்டான். "இன்னும் எத்தினி வண்டிய பாப்பானோ, ஒண்ணுலயாவது ரெண்டு இருக்காதா?" என்று நான் சொன்னேன். வாய்க்கு வந்த ஆறுதல்தான். அதுவே சமயம் என்று, "புதுசா ஒட்டுறதுலயாவது அந்தப் படுக்கைய எடுத்துடேன்டா. பாக்கச் சகிக்கல" என்றும் சொன்னேன். "வேணாம்ணா. அவங்கம்மான்னா உயிரு அவனுக்கு" என்றான்.

இரண்டாயிரத்தேழு ஐப்பசி. அடைமழை விட்டு ஒருநாள் வெயில் அடித்தது. கர்நாடகா நம்பர் போட்ட பழைய லாரி ஒன்று எதிர் ஷெட்டுக்கு வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள். ரோட்டைத் தாண்டிப் போனான். ஈரத் தகரத்தில் ஸ்டிக்கர் பிடிக்காது. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தானாம். அப்படியே தகரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிய வேனில் நானும் இருந்தேன். வழியிலேயே போய்விட்டான்.

கொள்ளி வைப்பது யார் என்று பேச்சு வந்தது. மகன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதபோது இன்னொருத்தன் வைக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் இழுத்தார்கள். சுரேஷ்குமார் மொட்டை போட்டுக்கொள்ளத் தயாராக நின்றான். பச்சையம்மாள்தான் முடிவு சொன்னாள். "எம்புள்ள இருக்கான். அவன் வர்றப்ப வரட்டும். இப்ப இவன் வெக்கட்டும். பொணத்த வெச்சிக்கினு பஞ்சாயத்து பண்ணாதீங்க." சுரேஷ்குமார் வைத்தான். அவன் தோளில் பானை உடைந்தபோது எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

காரியம் முடிந்த பிறகு பச்சையம்மாள் கடையைத் திறந்தாள். ரெடிமேட் ஸ்டிக்கர்கள், சாமி படம், நம்பர் பிளேட் எழுத்துகள் வாங்கிப் போட்டு விற்றாள். மெஷின் வைத்திருப்பவர்களிடம் பெயர்களை வெட்டி வாங்கிக்கொண்டாள். பிளேடைப் பிடித்து அவளாக வெட்டக் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், ரெண்டு. கொஞ்சம் கோணலாகத்தான் வரும். பையில் போட்டுக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போய் ஒட்டினாள்.

அதற்குள் ஊரெல்லாம் செல்போன் வந்துவிட்டது. பூத்துக்கு வந்து போன் பேச யார் இருக்கிறார்கள்? நான் கடையில் பாதியை ஜெராக்ஸ் ஆக்கினேன். லைனைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று வீட்டில் நச்சரித்தார்கள். அந்தப் பேச்சு எப்படியோ பச்சையம்மாள் காதுக்கு எட்டிவிட்டது. "அண்ணா, லைன மட்டும் குடுத்துடாதீங்க" என்றாள். யாராவது செய்யாதே என்றால் செய்கிற எனக்கு, அதை மட்டும் செய்ய மனசு வரவில்லை. லைன் இருந்தது. நாள் கணக்கில் மணி அடிக்காமல், தூசு படிந்து இருந்தது.

மறு வருஷம் புரட்டாசி, மகாளய அமாவாசைக்கு முந்தைய வாரம். காலை பத்து மணி இருக்கும். போன் அடித்தது.

"அறிவுமதி பூத்துங்களா?" என்றது ஒரு ஆண்குரல். தமிழ் கொஞ்சம் முரடாக, பழக்கம் விட்டுப்போன மாதிரி வந்தது. ஆமாம் என்றேன். பிறகு, "பெரியப்பா, நான் செழியன்" என்றான்.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "எங்கடா இருக்க?" என்று கேட்டேன்.

சாங்லியில் இருக்கிறானாம். மகாராஷ்டிரா. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கப் போய், இப்போது அங்கேயே மேஸ்திரி. கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. இதையெல்லாம் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினான். அவனாகவே தொடர்ந்தான்.

"ரெண்டாயிரத்து நாலுல லோடு ஏத்தறப்ப ஒரு லாரியில பாத்தேன் பெரியப்பா. எம்பேரு. அப்பா எழுத்து. அம்மா படுக்கையிலன்னு இருந்துச்சு. டிரைவரு மராட்டிக்காரன், அவனுக்குப் படிக்கத் தெரியாது. வாங்கினப்பவே இருந்துச்சு, எப்ப ஒட்டினதோன்னு சொல்றான். மஞ்சள் எழுத்தே வெளுத்துப் போயிருந்துச்சு. ஓடிப்போய் போன் போட்டேன். இப்படி ஒரு நம்பரே இல்லன்னு வந்துச்சு. நாலு வாட்டி போட்டேன். அதான் தெரிஞ்சிடுச்சு."

"இன்னாடா தெரிஞ்சிடுச்சு?"

"அம்மா போய்ட்டாங்கன்னு. படுக்கையில இருக்கிறவங்க அத்தினி வருஷம் இருப்பாங்களா? கடையே இல்ல, பூத்தே இல்லன்னு நெனச்சேன். நான் வராமயே அம்மா போய்ட்டாங்க, இனிமே இன்னா மூஞ்ச வெச்சிக்கினு அப்பா முன்னாடி வந்து நிப்பேன்? இங்க கிருஷ்ணா ஆத்துல மொட்டை போட்டுக்கினேன். அதுலேர்ந்து வருஷா வருஷம் அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விட்டுக்கினு இருக்கேன்."

நான் பேச வாயைத் திறந்தேன். அவன் விடாமல் பேசினான்.

"போன வாரம் இன்னொரு வண்டி வந்துச்சு. அதே எழுத்து. நம்பருக்கு முன்னாடி ஒரு ரெண்டு ஒட்டியிருந்துச்சு, கோணலா. அதான் போட்டுப் பாத்தேன். பெரியப்பா, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அமாவாசைக்குக் குடுக்கிறது பத்தாது, அம்மா செத்த திதி தெரிஞ்சி அன்னிக்குக் குடுக்கணும்னு இங்க சொல்றாங்க. கொழந்தைக்கு உடம்பு படுத்திக்கினே இருக்கு. அம்மாவோட திதிய மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் பேசினேன்னு அப்பாகிட்ட சொல்லாதீங்க. அவரு மூஞ்சியில முழிக்காதன்னாரு."

இந்தப் பக்கம் நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். நான் அழுகிறவன் இல்லை. அந்த நேரம் அர்ஜுனன் மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மஞ்சள் மஞ்சளாக வெட்டி, தேய்த்துத் தேய்த்து ஒட்டி, ஊர் ஊராக அனுப்பி, உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்குப் பிள்ளையை எள்ளும் தண்ணீரும் விட வைத்துவிட்டானே படுபாவி. அதே நொடி அவன் அந்தச் சுவருக்குப் பின்னால் இல்லையே என்றும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பழக்கத்தில் கை போய்ச் சுவரைத் தட்டியது.

பச்சையம்மாள் வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. கையில் இருந்த எழுத்துக் கட்டைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அவன் இன்னும், "கேட்டீங்களா பெரியப்பா? அம்மா திதி எப்போன்னு கேட்டீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது.

"செழியா" என்றாள்.

அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல். பெரிய ஆண்பிள்ளை அலறுவது அவ்வளவு தூரத்திலிருந்து அந்தச் சின்னக் குழாயில் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டாள். "நான் சாவலடா. நல்லாத்தான் இருக்கேன். ஒரு நாளு கூட நான் படுக்கலடா எப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அழுகை அடங்க வெகுநேரம் ஆனது. அடங்கியதும், "அப்பா எங்கம்மா? அப்பாகிட்ட குடு. நான் பேசறேன், திட்டினா திட்டட்டும், குடு" என்றான்.

பச்சையம்மாள் ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதிக்கோ" என்றாள். "ஐப்பசி மாசம், தேய்பிறை, சதுர்த்தி. உங்கப்பாவுக்குடா. அடுத்த மாசம் மொத திதி வருது. நீ வந்து குடு."